முட்டை ஓடின வண்டி

புரோக்கர் காந்தம் வண்டிப் பக்கம் வரவே இல்லை. தகரக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் சிரித்தார்.

"யார் வீட்டுக் கேட்டைப்பா கழட்டிச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்காங்க?"

டிரைவர்களும் சிரித்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளும் சிரிக்கவில்லை. பின்பெட்டியில் பெயிண்ட் சாமான் பையைக் கட்டிப்பிடித்தபடி வந்த மாமாவுக்குத்தான் முகம் தொங்கிப் போனது. பிக்கப் வண்டியின் அந்தப் பச்சை அவர் அடித்த பச்சை. வீட்டுக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயிண்ட் அடிக்கிறவர் அவர். கேட்டுக்கு அடித்து மிஞ்சியதைத்தான் வண்டிக்கு அடித்திருந்தார் என்பதைக் காந்தம் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிட்டார்.

பழைய வண்டி வாங்கி விற்கும் அந்த யார்டில், காந்தத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு காந்தத் துண்டு வைத்திருப்பார். வண்டியின் உடம்பில் அது ஒட்டினால் உள்ளே தகரம். வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி, அதாவது அடிபட்ட குழியை நிரப்பி மேலே பெயிண்ட் பூசுவதற்கான பசை. காந்தம் விழுந்தால் விலையும் விழும். அவர் ஒரு வண்டிக்குத் தலையாட்டாதவரை மற்ற புரோக்கர்கள் அதன் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்கள்.

மகளுக்குத் தெருவில் 'டிகிரி' என்று பேர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி காலேஜ் முடித்ததற்குத் தெரு கொடுத்த மரியாதையும் அதுதான், கிண்டலும் அதுதான். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "உனக்கு வாய் நீளம் மருமகளே" என்று மாமா சொன்னால், "எந்த டேப் வெச்சு அளந்தீங்க?" என்பாள்.

இன்றைக்கு அந்த வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொல்லி அம்மா கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். காரணம் இருந்தது. பதினாலு வருஷமாக அம்மா ஓட்டுவது முட்டை லோடு. பண்ணையிலிருந்து கடைகளுக்கு. அந்தப் பண்ணைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார், வந்தவர் சும்மா இருப்பாரா? பழைய வண்டிகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து லோடு கிடையாது என்று போர்டு எழுதி மாட்டிவிட்டார். ஒரு மர வியாபாரியிடம் வயது குறைந்த பிக்கப் ஒன்று விலைக்கு இருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் முன்பணத்தோடு வந்தால் உனக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார். முன்பணம் இந்த வண்டியின் விலைக்குள்தான் இருந்தது. இது ஓடுகிற வண்டியாக விலை போனால் அம்மா அடுத்த மாதமும் டிரைவர். பழைய இரும்பாக விலை போனால், வண்டி வாங்குவதற்கு முன்னால் செய்த வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். அதே பண்ணையின் பின்கட்டில், சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டு முட்டைத் தட்டுக் கழுவுவது.

"செத்தாலும் அந்தத் தொட்டியில மறுபடி கை வைக்கமாட்டேன்" என்று அம்மா நேற்று சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் டிகிரி பயந்தாள்.

அம்மா இறங்கிக் கூரைக்குக் கீழே போனாள். "அண்ணே, வண்டிய ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேனேம்மா. கண்ணு கூசுது."

"கிட்ட வந்து பாருங்க."

காந்தம் பெரிய மனசு பண்ணி எழுந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவில் காந்தத்தை வைத்தார். அது ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு, வழுக்கி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுத்து, பின்பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். அங்கேயும் விழுந்தது. முன் பானெட்டில் மட்டும் அரைமனதாக ஒட்டியது.

"எங்க உருண்டுச்சு?" என்று கேட்டார்.

"எது?"

"வண்டிதாம்மா. எந்தப் பள்ளத்துல உருண்டுச்சு?"

"ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிச்சதில்லை அண்ணே இந்த வண்டி."

"அப்ப ஒடம்பு முழுக்கப் பட்டி எதுக்கு?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா பையோடு பின்பெட்டியிலிருந்து இறங்கினார். "சின்னச் சின்னச் சொட்டை இருந்துச்சுங்க. தட்டு ஏத்துறப்ப ட்ராலி இடிக்கும்ல. விக்கப் போற வண்டியாச்சே, அழகா இருக்கட்டுமேன்னு..."

"அழகாத்தான் இருக்கு. போன மாசம் ஒருத்தர் கூட இப்படித்தான் அழகா ஒரு வண்டி கொண்டு வந்தாரு. சுரண்டிப் பாத்தா ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டின வண்டி."

அடுத்து பானெட்டைத் தூக்கினார். உள்ளே என்ஜின் கல்யாண மண்டபத்துப் பாத்திரம் மாதிரிப் பளபளத்தது. அதைச் செய்தது அப்பா. அப்பா ஒரு கிடங்கில் எடை போடுகிறவர். வண்டி ஓட்டத் தெரியாது, ஓட்டுகிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொள்வார். மனைவிக்குத் தன்னாலான உதவி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டீசலும் துணியுமாக உட்கார்ந்து, பதினாலு வருஷத்து அழுக்கைத் துடைத்து எடுத்திருந்தார்.

"ஆயில் எங்க ஒழுகுது?" என்றார் காந்தம்.

"எங்கயும் ஒழுகலை."

"ஒழுகாத என்ஜினை யாரும்மா இப்படித் தேய்ப்பாங்க? நேர்மையான என்ஜின் அழுக்கா இருக்கும்."

பிறகு கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினார். சீட் கவர் புதுசு. பெடல் ரப்பர் மூன்றும் புதுசு. கவரும் ரப்பரும் டிகிரி தன் சம்பளத்தில் வாங்கிப் போட்டது. ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசித்து யோசித்து, வண்டி நல்ல விலைக்குப் போகட்டும் என்று இதை வாங்கியிருந்தாள்.

"மீட்டரை எவ்வளவு பின்னால திருப்பினீங்க?"

டிகிரிக்குக் காது சூடானது. சத்தியம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தேஞ்ச ரப்பர் பொய் சொல்லாது பாப்பா. மீட்டரைத் திருப்புறவன்தான் முதல்ல ரப்பரை மாத்துவான். புது ரப்பர், புதுக் கவர், குளிப்பாட்டின என்ஜின், மேக்கப் போட்ட ஒடம்பு." காந்தம் விரல் மடக்கினார். "நானும் தொழிலுக்கு வந்து தலை நரைச்சாச்சு. இத்தனை திருட்டுத்தனத்தையும் ஒரே வண்டியில பண்ணின குடும்பத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

டிரைவர்கள் மறுபடி சிரித்தார்கள். டிகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் திருடன் எதையெல்லாம் மறைக்கச் செய்வானோ, அதையெல்லாம் தாங்கள் மூணு பேரும் ஆசை ஆசையாகச் செய்து வைத்திருக்கிறோம். வண்டியின் நல்ல நடத்தைக்கு இருந்த சாட்சியையெல்லாம் தாங்களே துடைத்து, பூசி, தேய்த்து, குப்பையில் போட்டாயிற்று. சொந்தக் காசில் சூனியம்.

"சர்வீஸ் பண்ணின பில் எல்லாம் இருக்குங்க" என்றாள், முடிந்தவரை மெதுவாக.

"பில்லு நானே அடிச்சுத் தருவேன், எத்தனை வேணும்?" என்றவர், அம்மா பக்கம் திரும்பினார். "சரி, யாரு ஓட்டினது?"

"நான்தான் அண்ணே."

"நீங்களா? எப்பவாவது ஓட்டுவீங்களா, இல்ல..."

"எப்பவும் நான்தான். வாங்கின நாள்லேர்ந்து."

காந்தம் பானெட்டைக் கீழே விட்டார். டமால் என்று விழுந்தது. அந்தச் சத்தத்திலேயே விலை இருந்தது.

"காரு வேற, பிக்கப் வேறம்மா. காருக்குப் பொம்பள ஓட்டினதுன்னு சொன்னா நாலு பேர் வருவான். லோடு வண்டிய எவன் வாங்குவான்? கிளட்ச் போயிருக்கும். மிதிச்ச கால எடுக்காம ஓட்டுவீங்க. மனசு வருத்தப்படாதீங்க, பழைய இரும்பு விலை போட்டுத் தரேன். டயர் நல்லா இருக்கு, அதுக்காகக் கொஞ்சம் மேல போட்டுத் தரேன்."

அம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். மறுபடி எடுத்தாள். மறுபடி செருகினாள். என்ன செய்வதென்று தெரியாதபோது அவள் கை செய்கிற வேலை அது. டிகிரி அதைப் பார்த்தாள். அதோடு சத்தியம் காற்றில் போனது.

"மாமா, பையைக் குடுங்க."

"எதுக்கு மருமகளே?"

அவள் பையைப் பிடுங்கினாள். டச்சப் தேவைப்பட்டால் செய்யலாம் என்று மாமா கொண்டு வந்த சாமான்கள்: தூரிகை, உப்புத்தாள், சுரண்டுகிற தகடு. தகடை எடுத்தாள். நேராகக் கதவுக்குப் போனாள். கர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தாள்.

காய்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பச்சை, வாழைத்தோல் மாதிரி உரிந்து வந்தது.

"அடிப்பாவி!" என்று கத்தினது மாமா. "ரெண்டு கோட்டு ப்ரைமர் போட்டிருக்கேன்டி!"

"ஏண்டி, பைத்தியமா உனக்கு? விடுடி!" என்று அம்மா ஓடி வந்தாள்.

"பட்டிக்கு அடியில என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியணும்ல? காட்டுறேன். நகரும்மா."

டிரைவர்கள் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்கள். யார்டின் அடுத்த மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையின் கையை மடக்கிவிட்டு ஒருத்தி, விற்க வந்த வண்டியை நட்டநடு யார்டில் உரித்துக்கொண்டிருந்தால் யார்தான் வராமலிருப்பார்கள்? பச்சைக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டி வந்தது. பட்டியைச் சுரண்டினாள். தூள் கண்ணில் விழுந்தது. அதற்குக் கீழே, கம்பெனி அடித்துக் கொடுத்த பழைய வெள்ளை வந்தது. வெயிலில் மங்கிப்போன வெள்ளை. அதில் கட்டைவிரல் புதையும் அளவுக்கு ஒரு சொட்டை. பக்கத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில்.

"இது ட்ராலி இடிச்சது. இது ட்ராலி. இதுவும் ட்ராலி. வாங்கண்ணே, கிட்ட வாங்க. வண்டி உருண்டா இப்படியா வரிசையில நின்னு சொட்டை விழும்?"

காந்தம் வரவில்லை. அவள் பின்பெட்டிக்குப் போனாள். மாமா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்பெட்டியின் பக்கவாட்டில் சுரண்டச் சுரண்ட, சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கூட்டத்தில் ஒருத்தர் எழுத்துக்கூட்டி வாசித்தார்: "முட்டை... போகுது... பின்னால... வந்து... முட்டாதே." கூட்டம் முழுக்கச் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அம்மாவும் தன்னை அறியாமல் லேசாகச் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் எழுதச் சொன்ன வாசகம்.

டிகிரி கதவைத் திறந்து, நிலைச்சட்டத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அடியில் தகரத்தோடு தகரம் சேர்கிற விளிம்பு தெரிந்தது. சின்னச் சின்ன வட்டமாக, பொத்தான் வைத்துத் தைத்தது மாதிரி வெல்டிங் புள்ளிகள்.

"இது மெஷின் வெச்ச புள்ளியா, டிங்கரிங் கடையில வெச்ச புள்ளியா? நீங்களே சொல்லுங்க. உங்க காந்தத்துக்குத் தெரியாது, உங்க கண்ணுக்குத் தெரியும்."

கூட்டம் காந்தத்தைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் வந்தார். குனிந்து பார்த்தார். நகத்தால் ஒரு புள்ளியைத் தடவினார்.

"கம்பெனிப் புள்ளிதான்" என்றார். "ஒடம்பு சரி. நான் கிளட்ச்சுல்ல சொன்னேன்?"

"ஏறுங்க."

"என்ன?"

"வண்டியில ஏறுங்க. ஹேண்ட் பிரேக்கை இழுங்க, மூணாவது கியர் போடுங்க, கிளட்ச்ச விடுங்க. தேஞ்ச கிளட்ச்சுன்னா என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல கிளட்ச்சுன்னா அந்த நொடியே அணையும்."

"எனக்கே சொல்லித் தரியா பாப்பா?"

"உங்களுக்குத் தெரியும்னுதான் சொல்றேன். தெரிஞ்சும் ஏறாம, உட்கார்ந்த எடத்துலேர்ந்தே கிளட்ச் போச்சுங்கறீங்க. அதுக்கு என்னங்க பேரு?"

"ஏறுண்ணே, ஏறு" என்று ஒரு டிரைவர் குரல் கொடுத்தார். "பொண்ணு விடாது போலிருக்கு."

காந்தம் ஏறினார். ஸ்டார்ட் செய்தார். என்ஜின் முதல் திருப்பலிலேயே எடுத்தது. மூன்றாவது கியர் போட்டு, பிரேக்கை இழுத்து, காலை விட்டார். வண்டி ஒரு விக்கல் விக்கியது. தொப்பென்று அணைந்தது. யாரோ கை தட்டினார்கள். காந்தம் இன்னொரு தரம் செய்து பார்த்தார். இன்னொரு தரமும் அதே விக்கல்தான்.

இறங்கியபோது அவர் முகம் மாறியிருந்தது. தோற்றுப்போன முகம் என்று சொல்ல முடியாது. வியாபாரி முகம். வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் முன்னால் வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, கடை முகப்புக் கண்ணாடி எல்லாம் அறுத்துக் கொடுக்கிறவர். இரண்டு வாரமாக இந்த யார்டில் பிக்கப் தேடிக்கொண்டிருந்தார்.

காந்தம் அம்மாவையும் மகளையும் கூரைக்குப் பின்னால் கூப்பிட்டார். மாமாவும் பின்னாலேயே வந்தார்.

"சரிம்மா. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். முட்டை ஓடின வண்டி, முதுகு ஒடியாத வண்டி. மணலு, கம்பி ஏத்தியிருந்தா இத்தனை வருஷத்துக்கு எலும்புக்கூடு மட்டும்தான் மிஞ்சும். நல்ல விலை வாங்கித் தரேன். கண்ணாடிக்காரருக்கு இப்படி வண்டிதான் வேணும்." விலையைச் சொன்னார். மர வியாபாரியின் முன்பணத்துக்கு மேலேயே வந்தது. அம்மாவின் கை முந்தானையை விட்டுவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் காந்தம். "ஓட்டினது உங்க வீட்டுக்காரர்னு சொல்லிடுவோம். வண்டி உங்க பேர்ல இருக்கட்டும், தப்பில்ல. பொம்பள பேர்ல ஆயிரம் வண்டி இருக்கு. ஓட்டினது அவர். அவ்வளவுதான். அந்த மனுஷன் பழைய ஆளு, லேடீஸ் ஓட்டினதுன்னு தெரிஞ்சா பேரம் பேச ஆரம்பிச்சுடுவாரு."

"சொல்லிட்டுப் போவோமே அக்கா" என்றார் மாமா. "வாய்ல சொல்றதுதானே, கடிச்சா தின்னப் போகுது?"

அம்மா தோளைக் குலுக்கினாள். "சொல்லிக்கட்டும். எங்க வீட்டு மனுஷனுக்குக் கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியாது. இன்னைக்கு ஒரு நாளாவது டிரைவரா இருந்துட்டுப் போகட்டுமே."

மாமா சிரித்தார். காந்தமும் சிரித்தார். டிகிரி வண்டிப் பக்கம் திரும்பினாள். அவள் படித்த பாதிப் பாடம் அந்த வண்டியின் முன்சீட்டில் படித்தது. பெடல் எட்டுவதற்காக அம்மா முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் மடித்த கோணிப்பை, வேகத்தடை வந்தால் தூங்குகிற குழந்தைமேல் போர்வை போடுகிற மாதிரி அம்மா பிரேக்கில் கால் வைக்கிற விதம், கடைக்காரர்கள் "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டால் "கீழ இறங்கிட்டார்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கிய இறக்கம். பதினாலு வருஷம். அது அத்தனையும் இப்போது, ஏற்றினால் வாந்தி எடுக்கிற அப்பாவின் பேருக்கு.

"அம்மா, உன் வண்டி, உன் வாய். நீ என்ன வேணா சொல்லு. என்னைச் சொல்லச் சொல்லாதே" என்றாள்.

"நீ சும்மா இருந்தாலே போதும் தாயே" என்றாள் அம்மா.

கண்ணாடிக்காரர் வண்டியைச் சுற்றி முடித்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். காந்தம் போய் அவர் தோளில் கை போட்டார். விலை பேசினார்கள். காந்தம் சொன்ன விலைக்கு அவர் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. "என்னோட டிரைவர் கொண்டு போற கண்ணாடியில பாதி, போய்ச் சேர்றப்ப சர்க்கரையா இருக்கு" என்றார். "முட்டை ஓட்டின கைன்னா நம்பிக்கை. யாரு ஓட்டினது?"

"அம்மாவோட வீட்டுக்காரர்தான்" என்றார் காந்தம். "தங்கமான மனுஷன்."

"அப்படியா?" என்று அவர் அம்மாவைக் கேட்டிருந்தால் கதை வேறு. அவர் திரும்பினது டிகிரி பக்கம். "இந்தப் பொண்ணு பொய் சொல்ற ரகம் இல்ல. இவ்வளவு நேரம் பாத்தேனே. ஏம்மா, உங்கப்பா வேகமா ஓட்டுவாரா, மெதுவாவா?"

டிகிரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டயரைப் பார்த்தாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை. 'மெதுவா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"எங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க" என்றாள். "ஓட்டினது எங்கம்மா."

காந்தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். மாமா "போச்சு" என்றார். அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் சுண்ணாம்புத் தொட்டி இருந்தது. டிகிரி அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். தலையைக் குனியவில்லை.

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை மடித்தார். "அடடே. முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப விலையில கொஞ்சம் பாத்துச் செய்யணுமே."

"எதுக்கு?"

கேட்டது டிகிரி இல்லை. அம்மா.

"இல்லம்மா, லேடீஸ் ஓட்டினதுன்னா..."

"ஓட்டினதுன்னா? சொல்லுங்க. இப்பத்தான முட்டை ஓட்டின கைன்னா நம்பிக்கைன்னீங்க? அது இந்தக் கைதான். வேற கை இல்ல. கிளட்ச்ச நீங்க நின்னு பாத்தீங்க. அடியில குனிஞ்சு பட்டைய எண்ணினீங்க. ஒடம்ப எம்மக உரிச்சே காட்டிட்டா. இதுல எதை, நான் பொம்பளங்கறதுக்காகக் கழிக்கப் போறீங்க? கழிக்கிற எடத்தைத் தொட்டுக் காட்டுங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். எங்கே தொடுவது என்று தெரியவில்லை.

"ஊர் வழக்கம்மா" என்றார் காந்தம்.

"நீங்க பேசாதீங்க. உங்க விலைய எம்மக கிளட்ச்சுலயே அணைச்சுட்டா." அம்மா கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க."

"அக்கா, அவசரப்படாதே" என்று மாமா முழங்கையைப் பிடித்தார். அம்மா உதறினாள். காந்தம் சாவியைக் கொடுத்தார்.

"வண்டி விக்கல" என்றாள் அம்மா. "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த வண்டிய வாங்கிட்டுப் போய் யாரை வெச்சு ஓட்டுவீங்க? சர்க்கரை பண்ற அதே டிரைவரைத்தானே? ஒரே வருஷத்துல இதுவும் இந்த மூலையில வந்து நிக்கும், அண்ணன் காந்தத்தை வெச்சுப் பாப்பாரு. வண்டி நல்லா இருந்துச்சுன்னா அது தானா நல்லா இல்ல. நான் ஓட்டினேன். என்னை விட்டுட்டு வண்டிய மட்டும் வாங்கினா பாதியத்தான் வாங்குறீங்க. அதுலயும் கழிக்கணும்ங்கறீங்க."

அம்மா ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். டிகிரி மறுபக்கம் ஏறினாள். அம்மா முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"மர வியாபாரி வண்டி போச்சு. தெரியுமா?"

"தெரியும்."

"பண்ணை லோடும் போச்சு."

"தெரியும்."

"வாய அடக்கிக்கிட்டு வான்னு சொன்னேன்."

"சொன்ன."

"நல்லா அடக்கின, போ."

டிகிரி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அது பொய்யாக இருந்திருக்கும். கையெல்லாம் பச்சைத் துகள். அதைப் பேண்ட்டில் துடைத்தாள், அது அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

ஜன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர்.

"ஏம்மா, லோடுக்கு வருவீங்களா? வண்டியோட, நீங்க."

அம்மா ஜன்னலை இறக்கினாள்.

"நாளைக்குக் காலையில கடைப் பக்கம் வாங்களேன். பாப்போம்."

"பாப்போம்னா வரமாட்டேன். லோடு இருக்குன்னா வரேன்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்த டிரைவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "லோடு இருக்கு" என்றார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "ஆனா ஒண்ணு. கண்ணாடி உடைஞ்சா கூலியில பிடிப்பேன்."

"பிடிங்க. உடையலைன்னா?"

"உடையலைன்னா என்ன?"

"உடைஞ்சா பிடிப்பேங்கறீங்க. உடையலைன்னா என்ன தருவீங்க? உங்க டிரைவர் பாதியத்தான் கொண்டு சேர்க்கிறாரு, அவருக்கு ஒரு கூலி. நான் முழுசாக் கொண்டு வந்து சேர்ப்பேன். எனக்கும் அதே கூலியா?"

"இது புது வழக்கமா இருக்கேம்மா."

"பழைய வழக்கத்தைத்தான் இப்பப் பாத்தோமே."

கண்ணாடிக்காரர் தாடையைச் சொறிந்தார். எதையோ மனசுக்குள் கூட்டிப் பார்த்தார், எத்தனை கண்ணாடி சர்க்கரையானது என்று இருக்கும். "முதல் வாரம் என் கூலி. ஒண்ணும் உடையலைன்னா அடுத்த வாரம் உங்க கூலி" என்றார்.

"மூணு நாள்" என்றாள் டிகிரி.

"நீ சும்மா இரு" என்ற அம்மா, அவரிடம் திரும்பி, "மூணு நாள்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். அது போதும்.

அம்மா சாவியைத் திருப்பினாள். வெளியே போகிற வழியில் ஒரு லாரி, ரெண்டு பழைய வேன், குவித்து வைத்த டயர், அதற்கு நடுவில் ஆள் நுழைகிற சந்துதான் இருந்தது. பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், யார்டில் இருந்த அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருத்தர் "வா வா வா" என்று கை ஆட்டினார். ஒருத்தர் "லெஃப்ட்ல ஒடிம்மா, லெஃப்ட்ல" என்றார். காந்தம் பின்னால் போய் நின்று ரெண்டு கையையும் தூக்கி, "நிறுத்து! இடிக்கப் போற!" என்று கத்தினார். மாமாவும் சேர்ந்துகொண்டு பின்பெட்டியைத் தட்டினார்.

டிகிரி ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினாள்.

"யாரும் கை காட்ட வேண்டாம்! எல்லாரும் வழிய விட்டுத் தள்ளி நில்லுங்க. மாமா, நீங்களும்தான், ஒண்ணு ஏறுங்க, இல்ல நகருங்க!"

மாமா அவசர அவசரமாகப் பின்பெட்டியில் ஏறினார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். காந்தம் கடைசியாக நகர்ந்தார். அம்மா பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி, ஒரே வளைவில், லாரிக்கும் டயர் குவியலுக்கும் நடுவில் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.